காணிக்கு முற்பணம் கொடுக்க முன்னர் தண்ணீரின் எல்லையைப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன்னர் ஓர் ஓகஸ்ட் மாதத்தில் எனது உறவினர் ஒருவர், காணி ஒன்றைப் பார்க்க வருமாறு என்னை அழைத்தார். கட்டாரில் பதினொரு வருடங்கள் உழைத்தவர். மூத்த மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. எமது கிழக்கு மாகாணத்தில் அதன் அர்த்தம் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மகளுக்கு வீடு கட்ட வேண்டும், வீடு கட்டக் காணி வேண்டும்.

"காக்கா, பத்து பேர்ச். ஊருக்குள்ள ஒரு பேர்ச் வாங்குற காசுக்கு அங்க மூணு பேர்ச் வாங்கலாம். உறுதியும் கிளியர். நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கணும், வேற ஆக்களும் கேக்கிறாங்களாம்" என்றார்.

போய்ப் பார்த்தோம். கிரவல் போட்டு மட்டப்படுத்திய நிலம். நான்கு மூலையிலும் கொங்கிரீட் கட்டைகள். சிறுவர்கள் கிரிக்கெட் விளையாடிக் கொண்டிருந்தார்கள். மேற்கே அறுவடை முடிந்த வயல். காணியில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் நாங்கள் வந்த கிரவல் பாதைக்குக் கீழே ஒரு பழைய மதகு இருந்தது. வயல் பக்கம் வாய் திறந்திருந்தது. மறுபக்கம் அது முடியுமிடம் எமது பத்து பேர்ச் காணியின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தது. அங்கே வாய்க்கால் ஏதுமில்லை. கிரவல்தான்.

"இந்த இடத்தில் ஏன் மதகு கட்டியிருக்கிறார்கள்?" என்று தரகரிடம் கேட்டேன். "அது அந்தக் காலத்து மதகு சேர், இப்ப தண்ணி வாறதில்ல" என்றார்.

ஓகஸ்டில் வராதுதான்.

காணி வாங்கும்போது எம்மவர்கள் கவனமாகப் பார்ப்பது உரிமையை. உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது, ஈடு ஏதும் இருக்கிறதா, பங்குக்காரர்கள் இருக்கிறார்களா என்றெல்லாம் நொத்தாரிசிடம் கேட்கிறோம். அது அவசியமானது. ஆனால் உரிமையின் எல்லை வேறு, தண்ணீரின் எல்லை வேறு. நில அளவையாளர் கட்டை நட்டுக் காட்டுவது முதலாவதை. இரண்டாவதைக் காட்டுமாறு நாம் அவரிடம் கேட்பதுமில்லை, அதற்குப் பணம் கொடுப்பதுமில்லை. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. ஓடையோரக் காணி ஒன்றில் தண்ணீரின் எல்லை ஒரு கோடல்ல, மூன்று கோடுகள். ஓடையின் கரை முதலாவது. மாரி காலத்தில் தண்ணீர் ஏறி நிற்கும் ஈரநிலத்தின் விளிம்பு இரண்டாவது. கரையிலிருந்து உட்புறமாகச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கும் ஒதுக்கப் பகுதியின் கோடு மூன்றாவது. இந்த மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நீங்கள் உண்மையில் வாங்கும் வீட்டுக் காணி. பத்து பேர்ச்சில் ஆறு மிஞ்சலாம். ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம்.

எமது மக்கள் ஏன் வயல் பக்கம் போகிறார்கள் என்பது தெரியாமல் இதை எழுதவில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் பகுதிகளில் கிழக்கே கடல், மேற்கே வட்டை. இடையில் இருக்கும் ஒடுங்கிய மணல் மேட்டில்தான் பல தலைமுறைகளாக வீட்டுக்குப் பின்னால் வீடாகக் கட்டி வந்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த மேட்டின் கடலோரப் பகுதியும் கைவிட்டுப் போனது. 2005இன் ஆரம்பத்தில் வடக்கு, கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றர் வரை கட்டடம் கூடாது என்றார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், "இனி மேற்கே போவோம்" என்ற எண்ணம் அப்போதே ஊன்றிவிட்டது. சாய்ந்தமருதில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கான வொலிவேரியன் கிராமமும் கரைவாகு வட்டைப் பக்கம்தான் எழுந்தது. ஆகவே பேராசையால் வயலை நிரப்புகிறார்கள் என்று பொத்தாம் பொதுவாகக் குற்றம் சாட்டுவது நியாயமில்லை. போக வேறு இடம் இல்லாதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

ஆனால் தண்ணீருக்கும் போக வேறு இடமில்லை. மேற்கில் பெய்யும் மழையும் குளங்களிலிருந்து திறந்துவிடப்படும் நீரும் இந்த வட்டைகளைக் கடந்து, களியோடை போன்ற ஆறுகளாலும் தோணாக்களாலும் முகத்துவாரங்களாலும்தான் கடலுக்குப் போகின்றன. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் எமது மத்ரஸாப் பிள்ளைகள் பயணித்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை இந்தப் பிரதேசத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த வீதி கடந்து செல்வது வயல்வெளியை. வரட்சிக் காலத்தில் அவ்வழியே போகும் ஒருவருக்கு, நவம்பரில் அங்கே எவ்வளவு தண்ணீர் எவ்வளவு வேகத்தில் போகும் என்பது கண்ணால் பார்த்துத் தெரியாது.

எனவே முதலில் உறுதியை வேறு விதமாக வாசித்துப் பாருங்கள். இப்போதைய உறுதியை மட்டுமல்ல, காணிப் பதிவகத்தில் தேடி எடுக்கும் பழைய உறுதிகளையும் பாருங்கள். சிங்களப் பிரதேசங்களில் காணியின் பெயரே பாதி விடயத்தைச் சொல்லிவிடும். பெயர் "வத்த" என்று முடிந்தால் அது மேட்டுத் தோட்டம். "குபுர" என்று முடிந்தால் வயல். "ஓவிட்ட" என்பது வயலை அடுத்திருக்கும், அரைகுறையாக உயர்ந்த தாழ்நிலம். "தெனிய" என்பது இரு மேடுகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் ஈரமான பள்ளத்தாக்கு. "வில" என்றால் சதுப்பு. மாவனல்லையிலோ களுத்துறையிலோ வெல்லம்பிட்டியிலோ காணி வாங்கும் எம்மவர்கள் பலர், "குபுர" என்று முடியும் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டே அது மேட்டுக் காணி என்று நம்புகிறார்கள். எமது பக்கத்து உறுதிகளிலும் வட்டை, கண்டம், மடு, வெளி, பள்ளம், தோணா என்ற சொற்கள் சும்மா இருப்பவையல்ல. அந்தப் பெயர்களை வைத்தவர்கள் அங்கே மாரியிலும் கோடையிலும் நின்றவர்கள்.

அடுத்து நான்கு எல்லைகள். 1950களின் உறுதியில் "வடக்கு: வாய்க்கால்" என்று இருந்து, 1980களில் அது "வடக்கு: வாய்க்காலும் பாதையும்" ஆகி, இப்போது "வடக்கு: பாதை" என்று மட்டும் இருக்கிறதா? அப்படியானால் வாய்க்கால் எங்கேயும் போய்விடவில்லை. பாதைக்கு அடியிலோ உங்கள் காணிக்கு அடியிலோதான் இருக்கிறது. உறுதிகளை இப்படி வரிசையாக வைத்துப் பார்ப்பதற்குச் சட்ட அறிவு தேவையில்லை. ஓர் அரை நாள் போதும். என்னைக் கேட்டால், காணி வாங்குபவர் செய்யக்கூடிய மிக மலிவான பரிசோதனை இதுதான்.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய கிராம வரைபடங்களையும் பாருங்கள். அவற்றில் ஓடைகளும் வயல் எல்லைகளும் குறிக்கப்பட்டிருக்கும். கையடக்கத் தொலைபேசியோடு திரியும் இளைஞர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கணினியில் கூகிள் ஏர்த் மென்பொருளைத் திறந்து, அந்தக் காணியின் பழைய செய்மதிப் படங்களை வருட வாரியாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். இன்று மண்ணிறமாகத் தெரியும் இடம் பத்து வருடங்களுக்கு முன்னர் பச்சை வயலாக இருந்ததா, கறுப்பாக நீர் நின்றதா என்பது தெரிந்துவிடும். படம் எடுக்கப்பட்ட மாதத்தையும் கவனியுங்கள். ஜூலைப் படத்தைப் பார்த்துவிட்டு "தண்ணீர் இல்லை" என்று முடிவு செய்தால், நேரில் போய் ஏமாறுவதை வீட்டிலிருந்தபடியே ஏமாறியதாகத்தான் அர்த்தம்.

இனி நிலத்துக்கு வருவோம். ஈரநிலத்தின் விளிம்பைக் கண்டறிபவர்கள் உலகெங்கும் மூன்று தடயங்களைப் பார்க்கிறார்கள்: தண்ணீர், மண், தாவரம். ஒன்று ஏமாற்றினாலும் மூன்றும் சேர்ந்து ஏமாற்றுவது அரிது.

தண்ணீரைப் பார்க்கச் சரியான காலத்தில் போக வேண்டும். கிழக்கில் வடகீழ்ப் பருவமழை காலமான நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி வரை. மேற்கிலும் மலையகத்தின் மேற்குச் சரிவிலும் மே, ஜூன் மாதங்களும் ஒக்டோபர், நவம்பரும். விற்பவர் "மழைக்கு முன்னர் முடித்துவிடுவோம்" என்று அவசரப்படுத்தினால் அந்த அவசரமே உங்களுக்கு ஒரு தகவல். காத்திருக்க முடியாவிட்டால் அயல் வீட்டுச் சுவரைப் பாருங்கள். வெள்ளம் நின்ற மட்டத்தில் சேற்றுக் கோடு இருக்கும். புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் மலசலகூடத்தின் பின்சுவரைப் பாருங்கள், அதற்கு யாரும் அடிப்பதில்லை. முட்கம்பி வேலியில் வைக்கோலும் பொலித்தீனும் எவ்வளவு உயரத்தில் சிக்கியிருக்கின்றன? பக்கத்து வீட்டுக் கிணற்றில் மாரியில் தண்ணீர் எந்த வளையம் வரை ஏறும்? நிலத்திலிருந்து ஓரடி ஆழத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் மலசலகூடக் குழி வேலை செய்யாது. குழியின் கழிவு நீர் கிணற்றைத் தேடிப் போகும். பத்து பேர்ச்சுக்குள் கிணறும் குழியும் இருக்கும்போது அது போகும் தூரமும் அதிகமில்லை.

தாவரங்களில் சம்பும் கோரையும் கூட்டமாக நின்றால், ஆம்பல் தலைகாட்டினால், அது வருடத்தில் பல மாதங்கள் நனைந்து கிடக்கும் நிலம். களப்போரமாக இருந்தால் கண்டலும் தில்லையும் உவர்நீர் ஏறும் எல்லையைக் காட்டும். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்புகளில் சிங்களவர்கள் "வெல் ஆத்தா" என்று சொல்லும், சீத்தாப்பழம் போல் காய்க்கும் மரம் இதே வேலையைச் செய்கிறது. தனியொரு செடியை வைத்து முடிவு எடுக்காதீர்கள். பொன்னாங்காணி குழாயடியிலும் வளரும். அந்த இடத்தில் மிகுதியாக இருப்பது எது என்பதுதான் கேள்வி. விற்பனைக்கு வரும் காணியில் செடிகொடிகளை வழித்துத் துடைத்திருப்பார்கள். அதனால் வேலிக்கு அப்பால், துப்புரவு செய்யாத பக்கத்தில் என்ன நிற்கிறது என்று எட்டிப் பாருங்கள்.

மூன்று தடயங்களிலும் மறைக்கக் கடினமானது மண். மண்வெட்டியால் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். நல்ல மேட்டு மண் செம்மையாகவோ கபிலமாகவோ இருக்கும். நீண்ட காலம் தண்ணீரில் ஊறிய மண்ணில் காற்று இருக்காது. அதில் உள்ள இரும்பு நிறமிழந்து கரைந்து போக, மண் சாம்பல் நிறமாகிவிடும். வேர்கள் வழியாகக் காற்று புகுந்த இடங்களில் மட்டும் துருப்பிடித்தாற்போல் செம்மஞ்சள் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேறு சாட்சி தேவையில்லை. நிரப்பப்பட்ட காணியென்றால் கிரவலைத் தாண்டித் தோண்டுங்கள். கிரவல் முடியும் இடத்தில் கறுப்பாக, உக்கிய வேரும் வைக்கோலும் கலந்த ஒரு படை வந்தால் அதுதான் பழைய வயலின் மேற்பரப்பு. அதிலிருந்து உங்கள் கால் வரையுள்ள உயரம் முழுவதும் டிப்பரில் வந்தது. கடலோர மணலில் இந்த நிறச் சோதனை அவ்வளவாகப் பலிக்காது. அங்கே குழியில் எத்தனை அடியில் தண்ணீர் ஊறுகிறது என்பதையே பார்க்க வேண்டும். குழி தோண்ட அனுமதிக்க மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் விடுவது நல்லது.

ஓடை விடயத்தில் சாதாரண நாளில் தண்ணீர் தொட்டுப் போகும் இடத்தைக் கரை என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. ஓடை நிரம்பிப் போகும்போது அது வழிந்து இருபுறமும் பரவத் தொடங்கும் விளிம்பே கரை. செங்குத்தான சரிவு முடிந்து நிலம் சமமாகும் இடம், வேர்கள் அரிக்கப்பட்டு வெளியே தெரியும் மட்டம், புல் முளைக்காமல் கிடக்கும் மணல் எங்கே முடிகிறது என்பவையெல்லாம் அதைக் காட்டும். மலையகத்து ஓடைகள் வருடத்தில் பத்து மாதம் கல்லும் சருகுமாகக் கிடந்துவிட்டு, மலையில் கொட்டும் ஒரு மாலை மழைக்குச் சில மணித்தியாலங்களில் பொங்கி வரும். அக்குறணை நகரத்தவர்களுக்கு இதைச் சொல்ல நான் யார்? பிங்கா ஓயா எத்தனை தடவை கடைகளுக்குள் வந்து கணக்குப் புத்தகங்களையும் சேர்த்து எடுத்துப் போயிருக்கிறது! ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஏ9 வீதியும் ஓயாவும் அருகருகே போகும் நகரம் அது. ஓயாவின் கரையை நெருக்கிக் கட்டப்பட்ட கட்டடங்கள் பற்றிய பேச்சு ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எழுந்து, வெள்ளம் வடிவதோடு வடிந்தும் விடுகிறது. மலைச்சரிவுக் காணியில் நீரூற்று கசியும் இடமும் ஈரநிலம்தான். அங்கே வெள்ளத்தோடு மண்சரிவு அபாயமும் சேர்ந்திருப்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவது அவசியம்.

வட்டவிதானைமாரை மறந்துவிடாதீர்கள். எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்ந்து எங்கே வடியும், எந்த வருடம் யார் அதை மூடினார் என்பது அவர்களது தலைக்குள் இருக்கிறது. அந்த வயலைச் செய்த முதியவர் உயிரோடிருந்தால் ஒரு தேநீரோடு அவரிடம் அரை மணித்தியாலம் பேசுங்கள்.

இனிச் சட்டம். எம்மவர்கள் மத்தியில் "பிரதேச சபை பிளான் பாஸ் பண்ணினால் போதும்" என்றொரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. தண்ணீரோடு சம்பந்தப்பட்ட காணிக்குப் பல சட்டங்கள் ஒரே நேரத்தில் பொருந்தும். ஒன்றின் கீழ் பெறும் அனுமதி மற்றொன்றுக்குப் பதிலாகாது.

வயற்காணியென்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் முன்னால் நிற்கிறது. கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்புவது குற்றம். நீங்கள் அதில் நெல் விதைக்கவில்லை என்பதோ, முன்னைய உரிமையாளரே நிரப்பிவிட்டார் என்பதோ அதை மேட்டு நிலமாக மாற்றிவிடாது. கமநல சேவை நிலையத்தில் இருக்கும் இடாப்பில் அந்தக் காணி எவ்வாறு பதியப்பட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். பல காணிகளின் கதை அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும்.

கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருக்கும் காணிக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியும். கடலே கண்ணுக்குத் தெரியாத காணிக்கும் அது பொருந்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ தொடுக்கப்படும் ஆறு, களப்பு, தோணா போன்றவற்றின் வழியாகக் கரையோர வலயம் 2 கிலோமீற்றர் வரை உள்ளே வருகிறது. 2011ஆம் ஆண்டின் திருத்தத்தோடு அந்த நீர்நிலைகளின் ஓரமாக 100 மீற்றர் நிலப்பரப்பும் அதற்குள் சேர்ந்தது. காத்தான்குடி, ஏறாவூர், கிண்ணியா, சாய்ந்தமருது, அட்டாளைச்சேனை வாசகர்கள் தங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள தண்ணீரை ஒரு தடவை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஓடை ஒதுக்கத்தின் அகலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஓடையின் அகலத்தையும், அது ஆறா கால்வாயா நீர்ப்பாசன வாய்க்காலா என்பதையும், எந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் பொறுத்து அது மாறும். "பத்தடி விட்டால் போதும்" என்று தேநீர்க் கடையில் கேட்டதை நம்பிக் கட்டாதீர்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் என்றால் கட்டுவதற்கு முன்னர் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பித்தால், அந்தக் காணியில் எங்கே எவ்வளவு விட வேண்டும் என்பது எழுத்திலேயே கிடைக்கும். அந்த எழுத்தை எடுத்துக்கொண்டு அனுமதிபெற்ற நில அளவையாளரிடம் சென்று, காணியின் மட்டங்களையும் ஓடையின் இரு கரைகளையும் ஒதுக்கக் கோட்டையும் ஒரே வரைபடத்தில் காட்டுமாறு கேளுங்கள். வழமையான அளவைக் கட்டணத்தைவிடக் கூடுதலாகச் செலவாகும். அத்திவாரம் போட்ட பிறகு சுவரை இடிப்பதற்கு ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பத்து பேர்ச் என்பது ஏறத்தாழ 2,720 சதுர அடி. அதை மூன்றடி உயர்த்த 82 கியூப் மண் வேண்டும். மூன்று கியூப் கொள்ளும் டிப்பரில் 27 தடவை. அந்த மண் நின்ற இடத்தில் முன்னர் தண்ணீர் நின்றது. அது 2 இலட்சத்து 30 ஆயிரம் லீற்றர், அதாவது வீட்டுக் கூரையில் வைக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கிகளில் 230. அந்தத் தண்ணீர் மறைந்துவிடாது, பக்கத்துக் காணிக்குப் போகும். பெரும்பாலும் அங்கே இருப்பவர் உங்களைவிட வசதி குறைந்தவர், தன் காணியை நிரப்பப் பணமில்லாதவர்.

எமது சுற்றாடல் சட்டத்தின் கீழ் 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும் திட்டத்துக்குச் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயம். 4 ஹெக்டயர் என்பது சுமார் 1,580 பேர்ச். ஒரு கம்பனி ஒரே தடவையில் அவ்வளவையும் நிரப்ப வந்தால் அறிக்கை எழுத வேண்டும், பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். 158 வாப்பாமார் ஆளுக்குப் பத்து பேர்ச்சாக, பத்து வருடத்தில் அதே வட்டையை நிரப்பினால் அவ்வாறான எந்த மதிப்பீடும் நடக்காது. தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளில் வீடுகள் மூழ்கியபோது வள்ளங்களில் உணவு கொண்டு போனவர்களில் எமது பள்ளிவாசல்களின் இளைஞர்களும் இருந்தார்கள். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள் மிஞ்சியிருப்பதால்தான் தலைநகரின் ஏனைய பகுதிகள் ஒவ்வொரு மழைக்கும் மூழ்காமல் இருக்கின்றன. 2018இல் கொழும்புக்கு ரம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்ததும் அந்தச் சதுப்புகளால்தான்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் மத்ரஸா நிர்வாகிகளிடமும் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். வக்பு செய்யப்படும் காணிகளில் சில, எவரும் விலைக்குக் கேட்காத தாழ்ந்த காணிகள். கொடுப்பவரின் நிய்யத்தைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் வாங்கிக்கொள்ளும் நிர்வாகம், மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் கட்டட நிதி சேகரிக்கத் தொடங்கினால், ஊர்ப் பணத்தில் பாதி கிரவலுக்கே போய்விடும். மையவாடி என்றால் இன்னும் கவனம் தேவை. 2020இல் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்களில் நிலத்தடி நீர்மட்டம் பற்றி ஊர் ஊராகப் பேசினோம். அந்தப் பேச்சின் காரணம் நியாயமற்றதாக இருந்தது. ஆனாலும் தங்கள் மையவாடியில் மாரி காலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் ஊறுகிறது என்பதை அளந்து எழுதி வைத்திருக்கும் நிர்வாகங்கள் எத்தனை?

ஏற்கனவே இப்படியான காணியை வாங்கிவிட்டவர்கள் மனமுடைய வேண்டியதில்லை. மேலும் நிரப்பாதீர்கள். அடுத்த மாரியில் தண்ணீர் எது வரை வருகிறது என்று கட்டை நட்டு, திகதியோடு படம் எடுத்து வையுங்கள். மேடான மூலையில் மட்டும் சிறிய அளவில், தூண்களில் உயர்த்திக் கட்ட முடியுமா என்று ஒரு பொறியியலாளரிடம் கேளுங்கள். மதகுக்கு நேரே இருக்கும் வழியைச் சுவர் கட்டி அடைக்காதீர்கள். அனுமதிகளை இப்போதாவது கேளுங்கள். மறுப்பு வந்தாலும் அது வீடு கட்டிய பிறகு வரும் மறுப்பைவிட மேலானது.

எனது உறவினர் அந்த ஓகஸ்டில் என்னோடு கொஞ்சம் கோபித்துக் கொண்டார். "நீங்க எல்லாத்துலயும் குறை பாக்கிறீங்க காக்கா" என்றார். ஆனாலும் முற்பணத்தைத் தள்ளிப் போட்டார். கமநல சேவை நிலையத்தில் விசாரித்தபோது அது வயலாகவே பதிவில் இருந்தது. டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இருவரும் மோட்டார் சைக்கிளில் அங்கே போனோம். மதகின் வாயால் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது. கொங்கிரீட் கட்டைகளில் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன.

அவர் பிறகு ஊருக்குள் ஐந்தரைப் பேர்ச் வாங்கி, மகளுக்கு மாடி வீடாகக் கட்டினார். கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்தப் பத்து பேர்ச்சை அடுத்த வருடமே வேறொருவர் வாங்கினார். இப்போது அங்கே ஒரு வீடு இருக்கிறது. போன மாரியில் அந்தப் பாதையால் போனபோது, அந்த வீட்டுக்காரர் முன்வாசலில் மணல் மூட்டைகள் அடுக்கிக் கொண்டிருந்தார். மதகுக்கு நேரே ஒரு குழாயாவது போட்டுத் தருமாறு பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.